‘ஓ.சி.’க்குத் தமிழில் என்ன சொல்?

பாளையங்கோட்டையிலிருந்து:
குழுவினர்க்கு வணக்கம். எங்கள் கல்லூரி ஆண்டுமலர் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் சில கதைகள் பொன்னியின் செல்வன் உலகத்துக்குள்ளேயே நடப்பவை. ஒரு மாணவி, கோடிக்கரையில் பூங்குழலிக்குத் தோழியாக ஓர் உப்பளத்துப் பெண்ணைப் படைத்திருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு இடது காது கேட்காது. அதனால் யாரோடு நடந்தாலும் அவர்களுக்கு இடப்பக்கமாகவே வருவாள். கல்கியிடம் இவள் கிடையாது. இப்படிச் சேர்க்கும் ஆட்களைப் பிள்ளைகள் ‘ஓ.சி.’ (ஒரிஜினல் கேரக்டர்) என்கிறார்கள். மெய்ப்பில் புள்ளிகள் விழுந்து ‘ஓசி’ என்று நிற்கிறது! யோசித்து யோசித்து உருவாக்கிய ஒருத்திக்கு அந்தப் பெயரா? கதை வகைக்கு ஒன்று, இந்த ஆளுக்கு ஒன்று, இரண்டு சொல் வேண்டும்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
டீச்சர், புதிதாக ஆக்கவே வேண்டாம். முன்னோர் நூலைப் பின்பற்றி எழும் வழிநூலுக்கு நன்னூலில் பவணந்தியார் சொன்ன இலக்கணம், ‘பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி’. விகற்பம் என்றால் வேறுபாடு. பூங்குழலி முன்னோனுடையவள், உப்பளத்துப் பெண் பின்னோன் வேண்டிய விகற்பம். ஆகவே வழிக்கதை, விகற்ப மாந்தர். முதல் கதையை விட்டு ரொம்பவே விலகினால் புடைக்கதை எனலாம். சார்புநூலை அவர் புடைநூல் என்கிறார். புடை என்றால் பக்கம். சுளகில் புடைக்கும்போது பதர் பக்கமாகத்தானே ஒதுங்குகிறது? அந்தப் புடையும் இந்தப் புடையும் ஒரே வேர் என்பது என் துணிபு. விரிவாக எழுதுகிறேன்.

வள்ளியூரிலிருந்து:
அண்ணாச்சி, வழிக்கதை அருமை. ஆனால் விகற்பம் வடசொல். மாந்தரோ பன்மை, ஒருத்தியை எப்படி மாந்தர் என்பது? புது + ஆள் = புத்தாள். புத்துயிர், புத்தாண்டு போல. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும்.

சங்கரன்கோவிலிலிருந்து:
புத்தாள் என்றால் என் வகுப்புப் பிள்ளைகள் கடைக்கு வேலைக்கு வந்த புது ஆள் என்றுதான் நினைப்பார்கள். ரசிகர் கதை, சொந்தப் பாத்திரம். முடிந்தது. பிரதிலிபி இணையதளத்தில் கதை எழுதுகிற பிள்ளைக்கு அகராதி இல்லாமல் புரிய வேண்டாமா? வடசொல் என்று ரசிகரைத் தள்ளினால் ரசிகமணி டி.கே.சி.யை நாம் இனி எப்படி அழைப்பது?

தென்காசியிலிருந்து:
அந்த ரசிகமணிதான் கம்பனில் எத்தனையோ பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கியவர். ஒருவர் கதைக்குள் இன்னொருவர் கை வைப்பது நமக்குப் பழைய வழக்கு. கம்பனையே எடுத்துக்கொள்ளுங்கள். சீதையை ஏமாற்ற மருத்தன் என்ற அரக்கன் சனகனாக உருமாறி வருவது வான்மீகியில் கிடையாது. மாயாசனகன் கம்பன் பெற்ற பிள்ளை. இரவல் கதையில் வந்தவன் என்று அவனை யாரும் குறைத்துச் சொல்வதில்லை. ஆனால் டீச்சர், உங்கள் மாணவியின் பெண் எனக்குக் கல்கியின் காது கேளாத ஊமைராணியின் நிழலாகத் தெரிகிறாள். அதே கோடிக்கரை, அதே காது. ‘சொந்த’ என்று போடுமுன் யோசியுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து:
ஐயா, யோசித்துத்தான் போடுகிறேன். ஊமைராணியின் மௌனம் ஒரு ரகசியத்தைக் காக்கிறது. இவள் பாதி கேட்டதை முழுசாக்கிச் சொல்லி ஊரையே வம்பில் இழுத்துவிடுகிறாள். காதின் குறை ஒன்றாக இருக்கலாம், அதை வைத்துச் செய்த கதை வேறு. கல்கியின் எழுத்து நாட்டுடைமையான பிறகு சட்டத் தொந்தரவும் இல்லை. கேள்வி, இந்தப் பெண்ணுக்கு ஆசிரியர் யார் என்பதுதான். மாணவியின் பெயரைத் தலைப்பின் கீழே தனியாகப் போடச் சொல்லியிருக்கிறேன், ‘கல்கியைத் தழுவி’ என்ற வரிக்குள் புதைக்காமல். அச்சகத்தார் இன்றே கேட்டார்கள். வழிக்கதைக்கு எல்லாருமே கிட்டத்தட்ட சம்மதம். இன்னொன்றுக்குச் ‘சொந்தப் பாத்திரம்’ என்று அனுப்பிவிட்டேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து:
வழிக்கதைக்கு மகிழ்ச்சி. பாத்திரத்தை நான் ஏற்கவில்லை. அடுத்த மலரிலாவது மாந்தர் என்று திருத்துங்கள். ஒருவரையே பன்மையில் சொல்வது மரியாதை வழக்குத்தானே, வள்ளியூர்த் தம்பி? புடை பற்றிய மடல் நாளை வரும்.