மறு: பேக்டோருக்குத் தமிழ்: பின்கதவா, கள்ளவாசலா?

அனைவருக்கும் வணக்கம். மென்பொருளில், அதைப் பயன்படுத்துபவருக்குத் தெரியாமல் வேண்டுமென்றே ஒளித்துவைக்கும் நுழைவழியை ஆங்கிலத்தில் பேக்டோர் (backdoor) என்கிறார்கள். நம் சொற்கோப்பில் அதற்கு எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற பேச்சில், இப்படி ஒரு கருத்து வந்திருந்தது:

> பின்கதவு என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரிகிறது, இதற்குமேல் தேட வேண்டாம்.

அண்ணா, புரிகிறது, சரி. ஆனால் என்ன புரிகிறது? எங்கள் பாட்டி வீட்டில் கொல்லைக்கதவு பகல் முழுக்கத் திறந்தே கிடக்கும். பால்காரர், கீரைக்கார அம்மா, பிள்ளைகள் நாங்கள், எல்லோருக்கும் அதுதான் வழி. பேக்டோர் அப்படி இல்லை. வீட்டுக்காரருக்குச் சொல்லாமல் கொத்தனார் தனக்கென்று விட்டுவைத்த வழி அது. அதனால்தான் 'கள்ளவாசல்' என்கிறேன். கள்ளச்சாவி, கள்ளநோட்டு, கள்ளக்கணக்கு என்று நம் வாயில் ஏற்கெனவே புழங்குகிற 'கள்ள' இது. யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

'கொல்லைப்புற வழியாகப் பதவிக்கு வந்தார்' என்கிறோமே என்று அக்கா கேட்டிருந்தார். அங்கே குற்றம் வந்தவர்மேல். பேக்டோரில் குற்றம், அந்த வாசலை வைத்ததிலேயே இருக்கிறது.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், திறமூலமா (மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய வரிகளை, எல்லோரும் படிக்கலாம்) தனியுரிமமா (நிறுவனம் அதை மூடிவைத்திருக்கும்), எது பாதுகாப்பு என்று போன வாரம் நடந்த விவாதம். வேண்டுமென்று வைத்த வழி, தவறுதலாக விழுந்த ஓட்டை என்ற இரண்டு வேறு சங்கதிகளுக்கும் 'பாதுகாப்புக் குறைபாடு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு நாம் மல்லுக்கட்டினோம்.

இன்டர்பேஸ் தரவுத்தளத்தைப் பாருங்கள். போர்லாண்ட் நிறுவனம் விற்ற தனியுரிம மென்பொருள். நிரலுக்குள்ளேயே ஒரு பயனர்பெயரும் கடவுச்சொல்லும் எழுதிவைத்திருந்தார்கள்: 'பொலிடிக்கலி', 'கரெக்ட்'. நிர்வாகியால் அதை மாற்றவும் முடியாது, நீக்கவும் முடியாது. பல ஆண்டுகள் வெளியே யாருக்கும் தெரியவில்லை. 2000 ஜூலையில் மூலநிரலைத் திறந்தார்கள். 2001 ஜனவரிக்குள் விஷயம் வெளியே வந்துவிட்டது. அது கள்ளவாசல்.

ஹார்ட்பிளீட் என்ற பிழை வேறு. அது இருந்த ஓப்பன்எஸ்எஸ்எல், இணையத் தொடர்பை மறையாக்கித் தரும் மென்பொருள், திறமூலம்தான். எதிர்முனைக் கணினி கேட்ட தரவின் அளவு சரியா என்று பார்க்கும் ஒரு சோதனை விட்டுப்போயிருந்தது. 2012 மார்ச்சில் வெளியான பதிப்பில் இருந்தது, 2014 ஏப்ரலில்தான் உலகத்துக்குத் தெரிந்தது. மூலநிரல் எல்லோர் கண்முன்னேயும்தான் கிடந்தது. இது ஓட்டை. யாரும் வேண்டுமென்று வைத்ததில்லை.

திறமூலத்தில் கள்ளவாசல் வைக்கவே முடியாதா? முடியும். 2024-இல் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நிரல் நூலகத்தில் நடந்தது அதுதான். அங்கேயும் ஒளித்த விதத்தைக் கவனியுங்கள்: தீங்கு நிரலைச் சோதனைக் கோப்புகளுக்குள் புதைத்துவிட்டு, அதை உயிர்ப்பிக்கும் வரிகளைப் மூலநிரல் எல்லோர் பார்வைக்கும் இருக்கும் பொதுக் களஞ்சியத்தில் வைக்காமல், பதிப்பாக வெளியிடும் பொதியில் மட்டும் சேர்த்தார்கள். தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்-இல் உள்நுழைவு அரை வினாடி தாமதமாவதை ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற நிரலாளர் கவனித்தார். தோண்டிக்கொண்டே போய்ப் பிடித்துவிட்டார். தாமதத்தை யார் வேண்டுமானாலும் கவனித்திருக்கலாம், தோண்டுவதற்கு மூலநிரல் கையில் இருக்க வேண்டும். திறமூலத்தின் உண்மையான பலமாக நான் நினைப்பது இதைத்தான். ஓட்டையே விழாது என்று நாம் வாக்குக் கொடுக்கக் கூடாது.

அப்புறம், நோக்கம் தெரியாதபோது என்ன எழுதுவது என்ற கேள்வி. நியாயமான கேள்வி. 2003-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கருநிரலின் (kernel) ஒரு நகலில் யாரோ இரண்டு வரி செருகினார்கள். இரண்டு சமக்குறி வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது (இரண்டு என்றால் ஒப்பிடு, ஒன்று என்றால் மதிப்பையே மாற்று). பார்த்தால் தட்டச்சுப் பிழை. ஓடினால் சாதாரணப் பயனருக்கு முழு அதிகாரம் கிடைத்துவிடும். முதன்மைக் களஞ்சியத்தில் அந்த மாற்றத்துக்குப் பதிவே இல்லை என்பதால்தான் திட்டமிட்டது என்று தெரிந்தது. எனவே நோக்கம் உறுதியாகும்வரை 'ஓட்டை' என்றே எழுதுவோம். உறுதியான பிறகு 'கள்ளவாசல்'.

வினையோடும் நன்றாகச் சேர்கிறது: கள்ளவாசல் வைத்தார்கள், கள்ளவாசலை அடைத்தார்கள். இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று சொற்கோப்பில் ஏற்றுகிறேன்.