பீட்சா பட கிளைமாக்ஸ்: எனக்கு மட்டும்தான் ஏமாத்துன மாதிரி இருக்கா?

சிப்புட்_பையன்:
ஸ்பாய்லர் இருக்கு, பார்க்காதவங்க இப்பவே ஓடிடுங்க. 2012ல வந்த படத்துக்கு ஸ்பாய்லரா ன்னு கேட்காதீங்க, என் தங்கச்சி இன்னும் பார்க்கல.

போன வாரம் லீவுக்கு இங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தாத்தா இருக்குற தோட்டத்துக்கு போயிருந்தேன், சுத்தி செம்பனை, ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒரு மோட்டோர் சத்தம் கூட இருக்காது, அந்த நேரம் பார்த்து மாமா பசங்களோட உட்கார்ந்து பீட்சா போட்டோம். பீட்சா டெலிவரி பையனா வர்ற விஜய் சேதுபதி கையில ஒரு டார்ச்சை வச்சுகிட்டு அந்த பங்களாக்குள்ள மாட்டிகிட்டு அலையுறாரே, அந்த பாகம் முழுக்க ஒருத்தனும் வாயே திறக்கல. கக்கூஸ் வீட்டுக்கு பின்னால, ஒருத்தனும் எழுந்து போகல, சின்னவன் கடைசியில போத்தல்ல அடிச்சான்.

அப்புறம் பார்த்தா பேயே இல்லயாம் லா! முதலாளியோட வைரத்தை அமுக்க அவனும் லவ்வரும் சேர்ந்து கட்டுன கதையாம். அப்ப நான் பயந்தது எல்லாம் எவனோ விட்ட கப்சாவுக்கா? செம கடுப்பு. கடைசி வரைக்கும் பேயாவே இருக்குற தமிழ் படம் எதாச்சும் இருந்தா சொல்லுங்க.

மாமாக்கடை_மணி:
தம்பி, தோட்டத்துக்குள்ள பீட்சா டெலிவரி வந்தா அதுவே பேய் கதைதான். நம்ம ஏரியாவுக்கு எவன் வர்றான் 😂

பழைய_ரீல்:
யாவரும் நலம் பாருங்க, 2009, மாதவன் நடிச்சது. புது வீட்டு டிவியில ஒரு மணிக்கு ஒரு சீரியல் ஓடும், அதுல நடக்குறது எல்லாம் இவங்க வீட்லயும் நடக்கும். லிஃப்ட் ஒன்னு வரும், இவர் ஏறினா மட்டும் வேலை செய்யாது, அவ்ளோதான், அதுக்கே எனக்கு வேர்த்துருச்சு. அதுலயும் பின்கதை சொல்ற இடம் கொஞ்சம் இழுவைதான், ஆனா பேயை பொய்யின்னு சொல்லி தப்பிக்கல.

என்னை கேட்டா பேய் படத்துக்கு முடிவுங்கறதே தலைவலி. மலாய்காரங்க இதுல சுலபமா தப்பிச்சுட்டாங்க, பொந்தியானாக்னு அவங்க சொல்ற பொம்பளை பேய்க்கு பிடரியில ஆணி அடிச்சா பொம்பளையா மாறிடுவா, கதை முடிஞ்சுது, அந்த ஆணியை எவன் பிடுங்குவான்ங்கற பயம் மட்டும் மிச்சம். நம்மாளுங்க புளியமரத்துல ஆணி அடிச்சு வைக்கிற மாதிரிதான். இன்னொரு விஷயம், 1957ல வந்த பொந்தியானாக் படத்தை எடுத்தவரே பி. என். ராவ், இந்தியாவுல இருந்து வந்த டைரக்டர். சும்மா ஒரு தகவலுக்கு சொன்னேன்.

கித்தாகாட்டு_அக்கா:
தம்பி நீங்க கடைசி சீனை மறந்துட்டீங்க. வைரத்தோட படம் முடியல. அவன் திரும்ப இன்னொரு வீட்டுக்கு பீட்சா கொண்டு போவான், அங்க அவன் கட்டுன கதையே அவனை பிடிக்க வரும். எனக்கு பங்களா சீனை விட அதுதான் பயம். ஏன்னா எங்க வீட்லயே இது மாதிரி ஒன்னு நடந்துருக்கு.

எங்க பாட்டி பால் மரம் வெட்டுனவங்க. விடியறதுக்கு முன்னயே பெரட்டுக்கு, அதான் வேலைக்கு பேர் கூப்பிடுற இடத்துக்கு போகணும், இருட்டுல கித்தா காட்டுக்குள்ள குறுக்கு பாதை ஒன்னு உண்டு. அந்த பாதையில வெள்ளை சேலை கட்டிகிட்டு ஒரு பொண்ணு நிக்குது, பேரு பாப்பாத்தி, பிரசவத்துல செத்தவன்னு தோட்டம் பூரா ஒரே பேச்சு, வேலையை மேய்க்கிற மண்டோர் கூட அந்த பக்கம் போக மாட்டாராம். ஜனங்க எல்லாம் பெரிய ரோட்டை சுத்திதான் போவாங்க, அரை மணி நேரம் கூட ஆகும், லேட்டா போனா அன்னிக்கு பேர் போட மாட்டாங்க, அப்பவும் சுத்திதான் போனாங்க. ரெண்டு மூனு வருஷம் கழிச்சு போலீஸ் வந்து அந்த பாதையில ஓடை ஓரமா இருந்த சம்சு அடுப்பை, அதான் கள்ளச்சாராய அடுப்பை உடைச்சது. காய்ச்சுனவங்கள்ல ஒருத்தர் பாட்டியோட சொந்த தம்பி! ஆள் வரக்கூடாதுன்னு இவங்களே பாப்பாத்தியை கட்டி விட்டுருக்காங்க, அப்படி ஒரு பொண்ணு தோட்டத்துல பொறந்ததும் இல்ல, செத்ததும் இல்ல.

அதனால பேய் கதை கட்டி காசு பார்க்குறதெல்லாம் எனக்கு புதுசு இல்ல தம்பி. படம் ஏமாத்திருச்சுன்னு எனக்கு தோனல.

சிப்புட்_பையன்:
அக்கா இது படத்தை விட நல்லாருக்கு 😳 கடைசி சீனை நான் சரியா பார்க்கல, உண்மைய சொன்னா கடுப்புல எழுந்து மீ கோரேங் சூடு பண்ண போயிட்டேன். இன்னிக்கு திரும்ப பார்க்குறேன். ஆனாலும் நடுவுல பத்து நிமிஷம் உட்கார வச்சு எல்லாத்தையும் விளக்குறாங்களே, அதை மன்னிக்க மாட்டேன்.

பழைய_ரீல்:
அதுல நானும் உங்க கட்சி.

சிப்புட்_பையன்:
அக்கா ஒன்னு கேட்கலாமா, அடுப்பை உடைச்ச பிறகு பாட்டி அந்த குறுக்கு பாதையில போனாங்களா?

கித்தாகாட்டு_அக்கா:
இல்ல தம்பி. வேலையை விடுற வரைக்கும் சுத்திதான் போனாங்க. அதான் பொய்யின்னு தெரிஞ்சு போச்சே, உன் தம்பி செஞ்ச வேலைதானே, அப்புறம் என்னான்னு நானே கேட்டுருக்கேன். வெத்தலையை மடிச்சுகிட்டே சொன்னாங்க, "பொய்யோ மெய்யோ, மூனு வருஷமா ஊரே ஒரு பேரை சொல்லி கூப்பிட்டுருக்கு. எதாச்சும் ஒன்னு காதுல வாங்கியிருக்காதா?"