கலிஃபோர்னியா: லைசென்ஸ் திரும்ப வாங்க இன்சூரன்ஸ் கார்டு போதாதா? எஸ்ஆர்-22 என்றால் என்ன?

சன்னிவேல்காரன்:
வணக்கம். போன வருடம் சிக்னலில் நின்ற காரைப் பின்னால் இடித்துவிட்டேன். யாருக்கும் அடி இல்லை. அவர் வண்டிக்கு மட்டும் 2,400 டாலர் செலவு. அப்புறம்தான் தெரிந்தது, என் இன்சூரன்ஸ் மூன்று வாரம் முன்பே ரத்தாகியிருக்கிறது. ஆட்டோ பேயில் கொடுத்திருந்த கிரெடிட் கார்டு காலாவதி ஆனதை நான் கவனிக்கவில்லை. தப்பு என்னுடையதுதான். லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆனது.

ஒரு வருடம் முடிந்துவிட்டது. என் காரை விற்றாயிற்று, வீட்டில் மனைவி பெயரில் ஒரு கார் உண்டு. அந்த இன்சூரன்ஸ் கார்டோடு டிஎம்வி (லைசென்ஸ் தரும் மாநில வாகனத் துறை) அலுவலகம் போனேன். இது செல்லாது, எஸ்ஆர்-22 வேண்டும் என்றார்கள். தினமும் மனைவிதான் என்னை ஆபீசில் இறக்கி, குழந்தையை டேகேரில் விட்டு, பிறகு தன் வேலைக்கு ஓடுகிறாள். எஸ்ஆர்-22 தனி இன்சூரன்ஸா? எங்கே வாங்குவது?

மல்லிகை:
தம்பி, அது இன்சூரன்ஸ் இல்லை, சான்று. 'இவருக்கு எங்களிடம் பாலிசி இருக்கிறது, நின்றுபோனால் தகவல் சொல்வோம்' என்று கம்பெனி டிஎம்விக்குப் பொறுப்பேற்றுக் கொடுப்பது. கம்பெனியே ஆன்லைனில் அனுப்பும். உங்கள் கையில் இருக்கும் கார்டுக்கு அந்தப் பொறுப்பு கிடையாது, அதனால்தான் ஏற்கவில்லை.

இன்சூரன்ஸ் இல்லாமல் விபத்து என்றால் இங்கே சஸ்பென்ஷன் 4 வருடம் வரை. முதல் வருடம் கழிந்ததும் எஸ்ஆர்-22 கொடுத்தால் லைசென்ஸ் கிடைக்கும், ஆனால் மீதி 3 வருடமும் அது விடாமல் இருக்க வேண்டும். குறைந்தபட்ச கவரேஜும் 2025 ஜனவரி 1 முதல் கூடிவிட்டது: ஒருவர் காயத்துக்கு 30,000, ஒரு விபத்தில் எல்லோருக்குமாக 60,000, பொருள் சேதத்துக்கு 15,000 டாலர். 15/30/5 என்று எங்காவது பார்த்தால் அது பழைய கணக்கு.

டாலஸ் தமிழன்:
சொந்தக் கார் இல்லையென்றால் நான்-ஓனர் பாலிசி எடுத்து அதில் எஸ்ஆர்-22 போடச் சொல்லுங்கள் ப்ரோ, செலவு குறைவு. டெக்சஸில் நான் அப்படித்தான் செய்தேன். இங்கே எஸ்ஆர்-22 இருக்க வேண்டியது 2 வருடம்.

மல்லிகை:
இவருக்கு அது சரிவராது. வீட்டிலேயே மனைவியின் கார் நிற்கிறது. எப்போது வேண்டுமானாலும் எடுத்து ஓட்டக்கூடிய வீட்டுக் காருக்கு நான்-ஓனர் பாலிசி பொதுவாகக் கைகொடுக்காது. தம்பி, மனைவி பாலிசியில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது? முதல் பக்கத்தைப் பாருங்கள்.

சன்னிவேல்காரன்:
பார்த்தேன் அக்கா. 'எக்ஸ்க்ளூடட் டிரைவர்' (பாலிசியிலிருந்து விலக்கப்பட்ட ஓட்டுநர்) என்று இருக்கிறது. பிரீமியம் ஏறக்கூடாதென்று நாங்களே கேட்டதுதான். போன் செய்து கேட்டால், அந்தக் கம்பெனி எஸ்ஆர்-22 கொடுப்பதே இல்லையாம்.

மல்லிகை:
நல்ல வேளை பார்த்தீர்கள். அந்த வரி இருக்கிறவரை, லைசென்ஸ் வந்த பிறகும் நீங்கள் அந்தக் காரை ஓட்டினால் ஒரு டாலர்கூடக் கிடைக்காது. பல கம்பெனிகளுக்கு வேலை செய்யும் ஏஜெண்ட் ஒருவரைப் பிடித்து, உங்கள் இருவர் பெயரிலும் புது பாலிசி கேளுங்கள். எஸ்ஆர்-22 வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதை அனுப்பும் கட்டணம் சின்னத் தொகைதான், பிரீமியம்தான் வலிக்கும். புதியது தொடங்கிய பிறகு பழையதை நிறுத்துங்கள், ஒரு நாள்கூட இடைவெளி வேண்டாம். டிஎம்விக்கு 55 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். லைசென்ஸ் திரும்பும் வரை பக்கத்துக் கடைக்குக்கூட வண்டி எடுக்காதீர்கள், இங்கே அது கிரிமினல் குற்றம்.

சன்னிவேல்காரன்:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன், இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு உதவும். புது பாலிசி எடுத்து, எஸ்ஆர்-22 அனுப்பியாகிவிட்டது என்று ஏஜெண்ட் சொன்னார். ஆறு நாள் கழித்தும் டிஎம்வி பதிவில் ஏறவில்லை. காரணம் பெயர். லைசென்ஸில் அப்பா பெயர் கடைசிப் பெயர். கம்பெனி அதையே முதல் பெயராகப் போட்டு அனுப்பியிருக்கிறது. திருத்தி மறுபடி அனுப்பினார்கள், நான்காவது நாள் ஏறிவிட்டது. நம் ஊர்ப் பெயர்கள் இப்படி இடம் மாறுவது சகஜம். அனுப்புவதற்கு முன்பே லைசென்ஸைப் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

55 டாலர் கட்டினேன், லைசென்ஸ் வந்துவிட்டது. அக்கா, ரொம்ப நன்றி.

மல்லிகை:
சந்தோஷம் தம்பி. ஆட்டோ பே இன்னும் கிரெடிட் கார்டிலா?

சன்னிவேல்காரன்:
இல்லை அக்கா. வங்கிக் கணக்கிலிருந்தே போகும்படி மாற்றிவிட்டேன். தகவல் மெயில் மனைவிக்கும் வரும்.