பவர்பால் பரிசு எப்படி இவ்வளவு பெரிதாகிறது?

மன்னார்குடியான்: டெக்சாஸில் இருக்கும் மச்சான் பவர்பால் என்ற அமெரிக்க லாட்டரிச் சீட்டைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறான், ஆறு எண், விலை இரண்டு டாலர். இதற்கா நூறு கோடி டாலர் தருகிறார்கள்?

குடந்தை காபி: தம்பி, 69 எண்களில் ஐந்து, அப்புறம் 26-ல் ஒரு சிவப்புப் பந்து, ஆறும் பொருந்த வாய்ப்பு சுமார் 29.2 கோடியில் ஒன்று. யாருக்கும் விழவில்லையென்றால் பணம் அடுத்த குலுக்கலோடு சேரும். 2015 அக்டோபர் வரை 59-ல் ஐந்து, 35-ல் ஒன்று, அதாவது 17.5 கோடியில் ஒன்றுதான். வேண்டுமென்றே கடினமாக்கினார்கள், மூன்றே மாதத்தில் பரிசு 158 கோடி டாலரைத் தொட்டது. 2022 நவம்பரில் 204 கோடி.

திருவையாறு: சின்ன மாநிலம் தனியாக நடத்தினால் இவ்வளவு சேராது. அதனால்தான் 1988-ல் சில மாநிலங்கள் கூடி லோட்டோ அமெரிக்கா என்று தொடங்கின, 1992-ல் அதுவே பவர்பால் ஆனது. நம் ஊர் ஏலச்சீட்டில் ஆள் கூடினால் தொகை கூடுமே, அந்தக் கணக்குதான், ஆனால் ஏலச்சீட்டில் போட்டது திரும்பி வரும்!

மன்னார்குடியான்: முழுசாகக் கையில் தருவார்களா அண்ணே?

குடந்தை காபி: எங்கே! அறிவிக்கிற தொகை 30 தவணைக்கு. மொத்தமாகக் கேட்டால் ரொம்பக் குறையும், வரி வேறு.

திருவையாறு: 2003-ல் இங்கே லாட்டரிக்குத் தடை வரும்வரை அப்பா தஞ்சாவூர் பேருந்து நிலையத்தில் வாங்கிய சீட்டுகள் இன்னும் டிரங்குப் பெட்டியில் கிடக்கின்றன, ஒன்றும் விழவில்லை.