'சேர்க்கை மதிப்பீடு' சரியான சொல்லா? (படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்கு)

திண்டுக்கல் செவிலியர்:

அனைவருக்கும் வணக்கம். குடி, கஞ்சா, மாத்திரை என்று சிக்கிக்கொண்டவர்கள் சிகிச்சைக்கு வந்தால், வார்டில் படுக்க வைப்பதா, வீட்டிலிருந்து வந்துபோகச் சொல்வதா என்று முதலிலேயே முடிவெடுக்க வேண்டும். அதற்காகக் கேட்டு, பார்த்து, எழுதி வைப்பதை நாங்கள் 'அட்மிஷன் அசெஸ்மெண்ட்' என்போம். பயிற்சிக் கையேட்டைத் தமிழில் கொண்டுவருகிறோம். 'சேர்க்கை மதிப்பீடு' என்று போட்டேன், உறுத்துகிறது. படிவத்தை நோயாளியின் அம்மாவும் மனைவியும் எட்டிப் பார்ப்பார்கள். அவர்கள் பேச்சில் சேர்க்கை என்றால், "சேர்க்கை சரியில்லை, அதான் இப்படி ஆயிட்டான்" என்பதுதான். நல்ல சொல் தாருங்கள்.

தஞ்சைப் புலவர்:

அம்மா, சொல் நம்மிடமே இருக்கிறது. மருந்து அதிகாரத்தில் 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்' என்கிறார் வள்ளுவர். உற்றான் என்றால் நோயுற்றவன். நீங்கள் செய்வது இந்த மூன்றையும் அளப்பதுதான். எனவே 'உற்றளவை'. அளவை என்பது தருக்க நூலாரின் சொல்லும்கூட: காண்டல், கருதல், உரை. நோயாளியின் கை நடுங்குவதைப் பார்ப்பது காண்டல். நேற்றிரவோடு குடியை நிறுத்தியவருக்கு இன்று வலிப்பு வரலாம் என்று உணர்வது கருதல். மனைவி சொல்வதைக் குறித்துக்கொள்வது உரை. மூன்று அளவையும் ஒரே படிவத்தில் அடங்குகின்றன.

சேலம் ஆலோசகர்:

புலவர் ஐயா, விளக்கம் அருமை. ஆனால் இரவு இரண்டு மணிக்குப் பணியில் இருக்கும் செவிலியருக்கு 'உற்றளவை' புரியாது. 'உற்றார்' பற்றிய கணக்கு என்று நினைப்பார்.

இந்தப் படிவம் எதற்கு என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஹெராயினை நிறுத்தினால் வரும் அவதி கொடியது, ஆனால் பெரும்பாலும் உயிரை எடுப்பதில்லை. பல வருடக் குடியைச் சட்டென்று நிறுத்தினால் உயிர் போகலாம். தூக்க மாத்திரையும் அப்படித்தான். கடைசியாகக் குடித்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 மணிக்கு மேல் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாதது கண்ணில் தெரியும். அதனால் "கடைசியா எப்போ குடிச்சீங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் முன்பு வலிப்பு வந்ததா, கல்லீரல் எப்படி, வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று போகும். இரண்டு கையையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி நடுக்கத்துக்கு மதிப்பெண் போடுவோம். வியர்வை, குமட்டல், பதற்றம் என்று மொத்தம் பத்து இனங்கள், உச்ச மதிப்பெண் 67.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்:

எங்கட பக்கம் 'வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்' என்றுதான் எழுதுவம். உங்கட பத்திரிகைகளிலும் கண்டிருக்கிறேன். 'அனுமதி மதிப்பீடு' என்றால் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

தஞ்சைப் புலவர்:

அனுமதி வடசொல் ஆயிற்றே. 'புகவு' என்று ஆக்கலாம். புகு என்னும் வினையடியிலிருந்து 'புகல்' பிறக்கிறது. புகல் என்றால் அடைக்கலம். 'புகலாய்வு' என்றால் நோயாளிக்கு அடைக்கலம் தருவது என்ற பொருளும் வந்துவிடும்.

திண்டுக்கல் செவிலியர்:

ஆசிரியர் ஐயா, எங்கள் படிவத்தில் 'அனுமதி' வேறு வேலை செய்கிறது. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைகளையும் சேர்த்துக்கொள்கிறது. 86ஆம் பிரிவின்படி ஒருவர் தானே விரும்பிச் சேரலாம். 89ஆம் பிரிவின்படி, கடும் நிலையில் இருப்பவரை அவருடைய பிரதிநிதி கேட்டுச் சேர்த்தால் 30 நாள் வரைதான் வைக்கலாம். யார் சம்மதித்தது என்பதே கேள்வியாக இருக்கும் தாளில் 'அனுமதி' இரண்டு பொருளில் வந்தால் சண்டையில் முடியும்.

இன்னொன்று. குடித்த அளவை மில்லியில் எழுதுவதா, குவாட்டர் என்றே எழுதுவதா?

சேலம் ஆலோசகர்:

குவாட்டர், கட்டிங் என்றே எழுதுங்கள், அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நம்மூர்க் குவாட்டர் 180 மில்லி, கட்டிங் அதில் பாதி, சாராயச் செறிவு 42.8 சதவீதம். ஒரு குவாட்டரில் ஏறக்குறைய 60 கிராம் தூய ஆல்கஹால். பக்கத்துக் கட்டத்தில் கிராமில் மாற்றிக்கொள்ளலாம்.

தஞ்சைப் புலவர்:

'கால்' என்று எழுதினால் என்ன? நம்முடைய பின்னச் சொல்தானே.

திருநெல்வேலி மொழிபெயர்ப்பாளர்:

வேண்டாம் ஐயா, கால் வீக்கத்துக்கு வேறு கட்டம் இருக்கிறது, குழம்பிவிடும். தலைப்புக்கு வருகிறேன். 'தகுதி ஆய்வு' எப்படி?

சேலம் ஆலோசகர்:

அதை மட்டும் ஏற்கமாட்டேன். ஊரே இவர்களைத் தகுதியில்லாதவன் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறது. இங்கே வந்து உட்கார்ந்ததும் தலைப்பில் 'தகுதி' என்று பார்த்தால், தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று குடித்த அளவைக் குறைத்துச் சொல்வார்கள். இரண்டு குவாட்டர் என்பது ஒரு கட்டிங்காகக் குறைந்துவிடும். அந்தப் பொய்யை நம்பி மருந்தின் அளவைக் குறைத்துவிட்டால் மறுநாள் வலிப்பு. சொல் வெறும் அலங்காரம் இல்லை ஐயா. இவருக்கு என்ன தேவை என்றுதானே பார்க்கிறோம்? 'சிகிச்சைத் தேவை மதிப்பீடு' என்றே போடலாம்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்:

நீளம்தான், ஆனால் நோகாது. எனக்குச் சரி.

திருநெல்வேலி மொழிபெயர்ப்பாளர்:

எனக்கும் சரி. நடுவில் 'த்' போட மறக்காதீர்கள்.

தஞ்சைப் புலவர்:

நான் ஒப்பவில்லை. ஆறு மாதம் கழித்து மருந்து வாங்க வருபவருக்கும் சிகிச்சைத் தேவை உண்டு. உள்ளே வைப்பதா வேண்டாமா என்ற முடிவுதான் இந்தத் தாளின் உயிர். அது இந்தச் சொல்லில் இல்லை. பெரும்பான்மை என்பதால் விட்டுத்தருகிறேன், பொருத்தம் என்பதால் அல்ல.

திண்டுக்கல் செவிலியர்:

ஐயா சொல்லும் குறை உண்மைதான். தலைப்பில் 'சிகிச்சைத் தேவை மதிப்பீடு' என்றும், அடியில் 'முடிவு: உள்நோயாளி / வெளிநோயாளி / வேறு மருத்துவமனைக்கு அனுப்புதல்' என்று தனி வரியும் வைக்கிறேன். முதல் பதிப்பு இப்படிப் போகட்டும். அடுத்து, போதையை நிறுத்தியதும் வரும் அவதியை 'விட்ராயல்' என்போம், அதற்குப் 'பின்வாங்கல்' என்று யாரோ போட்டிருக்கிறார்கள். இது நாளை காலைக்குள் வேண்டும்.

தஞ்சைப் புலவர்:

பின்வாங்குவது படை. 'விடுநோய்' என்று எழுதுங்கள் அம்மா. விளக்கம் இரவு அனுப்புகிறேன்.