தீயணைப்பு நிலைய வரலாறு தொகுப்பவர்களுக்கு: எண்ணை நம்பாதீர்கள்

சிறு நகர நிலையங்களில் 'வண்டி எண் 1' என்பது அந்த ஷெட்டில் நிற்கிற இடத்தின் பெயர் மாதிரிதான். பழைய வண்டி கழிக்கப்பட்டால், அடுத்து வருவதற்கும் அதே எண்ணை எழுதிவிடுவார்கள். 2 படங்களில் ஒரே எண் இருப்பதால் ஒரே வண்டி என்று எழுதிவிடக் கூடாது. சேஸிஸ் எண், அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்குரிய எண்தான் சாட்சி. பெரும்பாலும் முன் அச்சுக்கு அருகே ஃபிரேமில் குத்தியிருக்கும். துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் மெதுவாக எடுத்து, மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எண் எழும்பி வரும். கிரைண்டர் மட்டும் வேண்டவே வேண்டாம், ஒரு இழுப்பில் 3-ம் 8-ம் ஒன்றாகிவிடும்.

—

அதோடு பம்ப்பையும் தனியாகப் பாருங்கள். சேஸிஸ் போன பிறகும் நல்ல பம்ப்பைக் கழற்றிப் புது வண்டியில் பொருத்துவது வழக்கம். அதனால் பம்ப் தகட்டில் உள்ள ஆண்டு வண்டியின் ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. தகட்டில் நிமிடத்துக்கு 500 காலன் என்றிருந்தால், எந்தக் காலன் என்று கேளுங்கள். பிரிட்டிஷ் காலன் என்றால் சுமார் 2,273 லிட்டர், அமெரிக்கக் காலன் என்றால் 1,893 தான். இந்த ஒரு இடத்தில் தவறி, 'புது வண்டி பழையதைவிடப் பலவீனம்' என்று எழுதிவிடுகிறார்கள்.

—

ஆட்கள் கணக்கிலும் இதே சிக்கல். பதிவேட்டில் 18 பேர், 3 ஷிஃப்ட் என்றால் ஒரு ஷிஃப்ட்டுக்கு 6 பேர். விடுப்பு போக வண்டியில் ஏறுவது 5 அல்லது 4 பேர். 2 ஷிஃப்ட்டை 3 ஆக்கிய ஆண்டில் மொத்த எண்ணிக்கை ஏறும், ஆனால் வண்டியில் ஓர் ஆள்கூடக் கூடியிருக்க மாட்டார்.

பம்ப்பின் வகை மாறினாலும் ஆள் கணக்கு மாறும். கைப்பம்ப்புக்கு நெம்புகோல் அழுத்தவே ஒரு கூட்டம் தேவைப்பட்டது, நிமிடக்கணக்கில் ஆள் மாற்றுவார்கள். நீராவிப் பம்ப் வந்ததும் அந்தக் கூட்டம் போய், கொதிகலனையும் குதிரையையும் அறிந்த சிலர் நிலையத்திலேயே தங்க வேண்டியதாயிற்று. லண்டனில் 1829-லேயே பிரெய்த்வெய்ட், எரிக்சன் என்ற பொறியாளர்கள் நீராவி வண்டி செய்துவிட்டார்கள். ஆனால் அதை மையமாக வைத்துச் சம்பள ஊழியர்களைக் கொண்ட படையை அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம் அமைத்தது 1853-ல்தான்.

—

மோட்டார் வந்த ஆண்டு தெரியவில்லையா? செலவுப் பேரேட்டில் குதிரைத் தீவனம் நிற்கும் மாதத்தைத் தேடுங்கள். கூடவே நிலக்கரிக் கணக்கையும் பாருங்கள். தீவனம் நின்றும் நிலக்கரி தொடர்ந்தால், குதிரைகளுக்குப் பதில் மோட்டார் இழுவை பூட்டிய பழைய நீராவிப் பம்ப்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கும்.