பேஸ்பாலில் யார் பெரிய ஆட்டக்காரர், வில்லி மேஸா, ஹேங்க் ஆரனா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

காண்டில்ஸ்டிக் கிழவன்:
பேஸ்பால் பார்க்கத் தொடங்கி ஐம்பத்தைந்து வருஷமாகிறது. 1970 ஜூலை 18, சான் பிரான்சிஸ்கோ காண்டில்ஸ்டிக் பார்க்கில் வில்லி மேஸ் தன் 3,000-வது ஹிட்டை (பந்தை அடித்துவிட்டு, பேஸ் எனும் ஓட்ட நிலையைப் பத்திரமாக எட்டும் அடி) அடித்தபோது நான் அங்கே இருந்தேன். படிக்க வந்த பையன், விதிகள் பாதி புரியாது. அந்த ஹிட்டைவிட மனதில் நிற்பது அவர் பந்து பிடிக்கும் விதம். மற்றவர்கள் கையை முகத்துக்கு மேலே தூக்கிப் பிடிப்பார்கள். இவர் இடுப்பருகே உள்ளங்கையை விரித்து, மடியில் தேங்காய் வாங்குவதுபோல வாங்கிக்கொள்வார். எனக்கு அவருக்கு மேல் ஆள் கிடையாது. ஆரன் ரசிகர்கள் வரலாம்.

பீச்ட்ரீ:
வந்துவிட்டேன் சார். ஆரன்: 755 ஹோம் ரன் (வேலியைத் தாண்டிப் போகும் அடி; அதுவும் ஹிட்தான்), 3,771 ஹிட். அந்த 755-ஐக் கழித்தாலும் மிச்சம் 3,016. ஹோம் ரன்னே அடிக்காத ஆரனுக்கும் 3,000 ஹிட் உண்டு! மேஸ் 660-ல் நின்றுவிட்டார். அவர் பேரைச் சொன்னாலே 1954 உலகத் தொடரில், அதாவது சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதித் தொடரில், அவர் பிடித்த கேட்சைப் போட்டுக் காட்டுவார்கள். நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் நடு எல்லை 483 அடி. மேஸ் பிடித்தது எதிரணியின் விக் வெர்ட்ஸ் அடித்த பந்து; பல ஊர்களில் அது ஹோம் ரன். அதே ஆட்டத்தில் 10-வது இன்னிங்ஸில் டஸ்டி ரோட்ஸ் வலது ஓரமாகச் சுமார் 260 அடி தட்டிவிட்டார், அது ஹோம் ரன், மேஸின் ஜயன்ட்ஸ் அணிக்கு வெற்றி. எல்லாம் மைதானம் செய்த உபகாரம்.

காண்டில்ஸ்டிக் கிழவன்:
தம்பி, எல்லோரும் கேட்சோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்கப்புறம் பாருங்கள். 8-வது இன்னிங்ஸ், 2-2 சமநிலை. எதிரணி ஓட்டக்காரர்களாக இரண்டாம் பேஸில் லாரி டோபி, முதல் பேஸில் அல் ரோசன். முதுகைக் காட்டி ஓடிப் பிடித்த மனிதர், அதே வேகத்தில் சுழன்று, தொப்பி பறக்க எறிந்தார். டோபி மூன்றாம் பேஸோடு சரி. ரோசன் நகரவே இல்லை. அவ்வளவு தூரத்திலிருந்து டோபி ரன்னே எடுத்திருக்கலாம். எறிந்ததும் மைதானம்தானா?

660 என்கிறீர்கள். ராணுவத்துக்குப் போய் 1952-ல் பெரும்பகுதியும் 1953 முழுக்கவும் ஆடவில்லை. திரும்பி வந்த வருஷமே 41 ஹோம் ரன். பிறகு அடித்த பந்தைத் தடுக்கும் காண்டில்ஸ்டிக் காற்று வேறு. அந்தக் குளிரில் உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
இடையில் வருகிறேன். 'வார்' என்றொரு கணக்கு இருக்கிறது. ஒருவருக்குப் பதில் சாதாரண மாற்றாள் ஒருவரை இறக்கினால் அணிக்கு எத்தனை வெற்றி குறையும் என்று பார்ப்பது. மேஸுக்குச் சுமார் 156, ஆரனுக்குச் சுமார் 143. ஃபீல்டிங்கையும் ஓட்டத்தையும் சேர்த்ததால் வந்த இடைவெளி. பெரியவர் ஜெயித்தார்.

காண்டில்ஸ்டிக் கிழவன்:
உங்கள் கணக்கு எனக்குச் சாதகமாக வந்தாலும் வேண்டாம் சாமி. மாற்றாளை இறக்கி நான் யாரைப் பார்க்கப் போவது?

மூன்று நதி:
பிட்ஸ்பர்க் சார்பில் ஒரே வரி: எங்கள் அணியின் ராபர்ட்டோ கிளமென்டே. சரியாக 3,000 ஹிட். 1972 கடைசி நாள், நிகராகுவா பூகம்பத்துக்கு நிவாரணப் பொருள் ஏற்றிப்போன விமானம் கடலில் விழுந்து இறந்தார். நீங்கள் தொடருங்கள்.

பீச்ட்ரீ:
கிளமென்டேக்கு ஒரு கும்பிடு. நான் ஆரனுக்கே வருகிறேன். 1974 ஏப்ரல் 8, அட்லாண்டா. எனக்கு ஒன்பது வயது, வீட்டில் டிவி. நாலாவது இன்னிங்ஸில் அல் டவுனிங் வீசிய பந்தை அடித்தார், 715-வது ஹோம் ரன். பேப் ரூத்தின் 714 என்ற சாதனை போனது. பேஸ்களைச் சுற்றி ஓடும்போது இரண்டு இளைஞர்கள் மைதானத்துக்குள் பாய்ந்து அவர் பக்கத்தில் ஓடினார்கள். அப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். ஒரு கறுப்பர் ரூத்தைத் தாண்டக் கூடாது என்று எத்தனையோ கொலை மிரட்டல் கடிதங்கள் வந்திருந்த நேரம் அது. அந்தப் பையன்கள் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். ஓட்டம் முடியும் ஹோம் பிளேட்டில் ஆரனின் அம்மா அவரை விடாமல் கட்டிக்கொண்டார். இத்தனை பாரத்தைச் சுமந்துகொண்டு ஆடிய நாட்கள் எந்த 'வாரில்' வரும்?

அப்புறம் சார், ஆரன் மரியாதையாக விடைபெற்றார். உங்கள் மேஸ் 1973 உலகத் தொடரில் மெட்ஸ் அணிச் சட்டையில் ஓக்லண்டில் பந்தைத் தவறவிட்டுக் கீழே விழுந்தாரே?

காண்டில்ஸ்டிக் கிழவன்:
உங்கள் அப்பா எழுந்து நின்றது புரிகிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஓக்லண்டில் நானும் இருந்தேன். நாற்பத்திரண்டு வயது, கண் கூசும் வெயில், 9-வது இன்னிங்ஸ். விழுந்தார், நானும் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் ஆட்டம் 12-வது இன்னிங்ஸுக்குப் போனது தம்பி. சமநிலையில் ராலி ஃபிங்கர்ஸ் வீசிய பந்தைத் தரையோடு நடுவில் அடித்து மெட்ஸை முன்னே கொண்டுபோனவர் யார்? அதே கிழவர். 10-7 என்று ஜெயித்தார்கள். அதுதான் அவருடைய கடைசி ஹிட். விழுந்ததை மட்டும்தான் டிவியில் போடுகிறார்கள்.